நெபுலா எடுக்க லடாக் போக வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இரவு வானம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லடாக்கில் ஹான்லே, நம் பக்கத்தில் ஜவ்வாது மலையில் காவலூர், கொல்லிமலை என்று இருட்டு மிச்சமிருக்கும் இடங்களையெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முடிக்கும்போது, சென்னைக்காரர்களுக்கு நிலாவும் நாலு நட்சத்திரமும்தான் கொடுத்துவைத்தது, நெபுலா என்கிற வாயு மேகம், கேலக்ஸி என்கிற நட்சத்திர மண்டலம் எல்லாம் வேண்டுமென்றால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்கிற மாதிரி முடித்துவிட்டார். அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பம்மலில் என் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே கேமராவை நிறுத்தி அவற்றைத்தான் நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு எலக்ட்ரீசியன். வீடு, கடை, அபார்ட்மென்ட் வயரிங்கும் விளக்கு பொருத்துவதும் பிழைப்பு. வானியல் படித்தவனில்லை. கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். ஆரம்பம் அதுதான். பகலெல்லாம் விளக்கு மாட்டுகிறவன் என்பதால் ராத்திரி வானத்தைக் கெடுக்கிற வெளிச்சத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதி வானம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கே விமான நிலையம். காற்று ஒரு திசையில் அடிக்கும் நாட்களில் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேல்தான் இறங்கும். சுற்றிலும் தெருவிளக்கு, கடை போர்டு, அபார்ட்மென்ட் ஃபோகஸ் லைட். வானத்தின் இருட்டை 1 முதல் 9 வரை தரம் பிரிக்க ஜான் பார்ட்டில் என்ற அமெரிக்கர் 2001-ல் ஓர் அளவுகோல் வகுத்தார். 1 என்றால் சுத்தமான இருட்டு, 9 என்றால் பெருநகரத்தின் நடுப்பகுதி. நாங்கள் 8-க்கும் 9-க்கும் இடையில் இருக்கிறோம். தை மாதம் ஒன்பது மணிக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரமும், திருவாதிரையும், ரோகிணியும் தெரியும். கார்த்திகைக் கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மங்கலாக இருக்கும். கண்ணால் பார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான், கட்டுரையாளர் சொன்னது உண்மை.

கேமராவுக்கு அப்படி இல்லை. நம் கண் வந்த வெளிச்சத்தை ஒரு கணம்தான் வைத்திருக்கும், அப்புறம் விட்டுவிடும். கேமரா சேர்த்துக்கொண்டே போகும். ஊர் வெளிச்சமும் கூடவே சேரும்தான். ஆனால் அது படம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருக்கும். சீராக இருப்பதைக் கணினியில் கழித்துவிடலாம். கழித்தபின் மிஞ்சுவது வானத்தில் உள்ள பொருள். ஆனால் அந்த வெளிச்சத்தோடு வந்த புள்ளிப்புள்ளியான நாய்ஸ் போகாது. அதைக் குறைக்க ஒரே இடத்தைப் பல படங்கள் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 4 படம் அடுக்கினால் நாய்ஸ் பாதியாகும், 100 படம் அடுக்கினால் பத்தில் ஒன்றாகும். இந்த வர்க்கமூலக் கணக்கு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமைதான். விமானம் குறுக்கே போட்ட கோடு, செயற்கைக்கோள் கோடு எல்லாம் அடுக்கும்போதே போய்விடும், ஏனென்றால் நூறு படத்தில் ஒன்றில் மட்டும் இருப்பதை மென்பொருள் தள்ளுபடி செய்துவிடும். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என்று இலவசமாகவே நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஓரியன் நெபுலா. இடுப்பு நட்சத்திரங்களுக்குக் கீழே வாள் தொங்குகிற மாதிரி மூன்று மங்கலான புள்ளிகள், அதில் நடுவில் இருப்பது. ஏறக்குறைய 1,350 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா, விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ், அசையாத ஒரு ட்ரைபாட் போதும். பூமி சுற்றுவதால் அதிக நேரம் திறந்துவைத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும், ஆகவே 5 நொடி வைத்து ஒரு 200 படம் எடுங்கள். முதல் படத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். வானம் ஆறிப்போன டீ நிறத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சிறு கறை இருக்கும். இருநூறையும் அடுக்கி, டீ நிறத்தைக் கழித்துவிட்டால் அந்தக் கறைக்குச் சிறகு முளைத்துவிடும். பம்மலிலிருந்து இதுதான் எனக்குக் கிடைத்த முதல் நெபுலா. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமானது வேறு இல்லை.

'மொட்டை மாடிதானே வசதி' என்று எல்லாரும் கேட்பார்கள். வானம் அங்கே பெரிதுதான். ஆனால் பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும், நட்சத்திரம் ஆடும். சுற்றியுள்ள விளக்கெல்லாம் நேராக லென்ஸில் அடிக்கும். கொல்லையில் காம்பவுண்ட் சுவர் அதைத் தடுத்துவிடுகிறது. கொல்லையில் இருக்கும் தொல்லை வேறு. பின்னால் நாலு மாடி அபார்ட்மென்ட் வந்துவிட்டதால் வடக்குத் திசையே கிடையாது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். சென்னைக்கு 13 டிகிரி. நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திரும்பும் மவுண்ட்டை அந்தத் திசைக்குச் சரியாக நிறுத்த வேண்டும், எனக்கோ அந்த 13 டிகிரியில் யாரோ ஒருவர் வீட்டு பால்கனி. நல்லவேளை, இப்போது கேமரா எடுத்த படத்தில் உள்ள நட்சத்திரங்களை மென்பொருளே அடையாளம் கண்டு, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. மார்கழிப் பனிக்கு லென்ஸ் வியர்க்காமல் இருக்க, கரண்ட் போனால் சூடாகும் ரெஸிஸ்டர்களை வரிசையாக சால்டர் செய்து, துணியில் சுற்றி, 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். எலக்ட்ரீசியனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

லென்ஸில் உள்ள தூசி, ஓரங்களில் விழும் மங்கல் இவற்றைக் கழிக்க, ஒரே சீரான வெண்மையைத் தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான் வெள்ளை வேட்டியை நாலாக மடித்து லென்ஸ் மேல் போட்டு, விடிகிற நேரத்து வானத்தைப் பார்த்து எடுக்கிறேன். 'அது கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போக எடுத்து வெச்ச வேட்டிங்க' என்று வீட்டில் ஒரு சண்டை உண்டு. சாயமும் சுருக்கமும் இல்லாத துணியாக இருக்க வேண்டும், அதனால் அந்த வேட்டிதான்.

இனி ஃபில்டர். எங்கள் தெருவில் முன்பு சோடியம் விளக்கு. அதன் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளிலும் ஆரஞ்சிலும்தான் குவிந்திருக்கும், அந்தப் பகுதியை மட்டும் தடுக்கிற ஃபில்டரைப் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். வெள்ளை எல்.இ.டி. வந்தபின் அந்த ஃபில்டர்களுக்கு மதிப்பில்லை. வெள்ளை எல்.இ.டி. உள்ளுக்குள் ஒரு நீல எல்.இ.டி.தான். 450 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) வாக்கில் நீலத்தில் ஓர் உச்சி இருக்கும், மேலே பூசிய பாஸ்பர் என்கிற ஒளிரும் பூச்சு அதில் ஒரு பகுதியைப் பச்சையிலிருந்து சிவப்பு வரை பரப்பிவிடும். எங்கே தடுப்பது? தடுக்க முடியாது. அதனால் இப்போது தலைகீழாக யோசிக்கிறார்கள். கெட்டதைத் தடுப்பதை விட்டுவிட்டு, நல்லதை மட்டும் உள்ளே விடுவது. ஓரியன் மாதிரியான நெபுலாக்களில் ஹைட்ரஜன் எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. சில குறிப்பிட்ட அலைநீளங்களில்தான் ஒளிரும், அதில் முக்கியமானது சிவப்பில் 656.3 நானோமீட்டர். ஆக்ஸிஜன் நீலப்பச்சையில் 500.7. இந்த இரண்டு இடத்தில் மட்டும் ஆளுக்கு 7 நானோமீட்டர் அளவுக்குக் கதவைத் திறந்துவைக்கிற ஃபில்டர் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் மொத்தம் 400 முதல் 700 வரை, 300 நானோமீட்டர். அதில் 14 மட்டும் உள்ளே வரும். ஊர் வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்குதான் நுழையும், நெபுலாவின் முக்கிய ஒளியோ ஏறக்குறைய முழுசாக வந்துவிடும்.

இதைப் போட்டு நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது ரோசெட் நெபுலா. திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, பௌர்ணமி நிலாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். பம்மலில் நின்று அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இருக்காது, வெறும் சாம்பல் நிற வானம். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும், கடையில் வாங்கும் கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி அந்த 656 சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அந்தக் கண்ணாடியை மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கேமராவாக இருந்தால் துணிந்து மாற்றலாம். பகலில் எடுத்தால் எல்லார் முகமும் சிவந்து தெரியும், கல்யாணத்துக்கு இனி அது ஆகாது.

பின்வீட்டுப் பெரியவர் ஒருவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, 'கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதுதானே தம்பி' என்றார். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. சிவப்பு நான் அடித்ததில்லை ஐயா, அது ஹைட்ரஜனின் சிவப்பு. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறம் பார்க்கும் உயிரணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, அதனால் பெரிய டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் பெரும்பாலும் சாம்பலாகத்தான் தெரியும். கணினியில் நான் செய்வது இருக்கும் நிறத்தைக் கூட்டிக்காட்டுவது. கூட்டுவதில் அவரவர் ரசனை கலக்கும், அதை மறுக்கமாட்டேன்.

கேலக்ஸி கதை வேறு. அங்கேயும் ஹைட்ரஜன் மேகங்கள் உண்டு என்றாலும் பெரும்பாலான ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கும் எல்லா நிறமும் கலந்தது. இரண்டையும் பிரிக்க எந்த ஃபில்டராலும் ஆகாது. இங்கே மருந்து நேரம் ஒன்றுதான், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கும் மாக்னிட்யூட் முறையில் 5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு என்று 1856-ல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். பிறகு சென்னைக்கு அரசாங்க வானியலாளராக வந்து, 1861 ஏப்ரலில் நுங்கம்பாக்கத்தில் இருந்த ஆய்வகத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற, பிரகாசம் கூடிக்குறையும் மாறொளி நட்சத்திரத்தைக் கண்டார். நுங்கம்பாக்கத்திலிருந்து! இன்று அங்கே வானிலை அலுவலகம் இருக்கிறது, வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் ராத்திரி நின்று எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

போக்சன் கணக்குக்கு வருகிறேன். நல்ல இருட்டு இடத்தைவிட நம் வானம் 3 மாக்னிட்யூட் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 16 மடங்கு. அங்கே 1 மணி நேரத்தில் கிடைக்கும் தரத்தை இங்கே எட்ட 16 மணி நேரம் சேர்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் ஆகாது. ஆனால் பல ராத்திரிகளில் எடுத்ததை ஒன்றாக அடுக்கலாம், தடையில்லை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸியில் எனக்குள்ள வருத்தம் வெளிச்சம்கூட இல்லை, மழை. 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள அந்தக் கேலக்ஸி முன்னிரவில் உயரத்துக்கு வருவது நவம்பர், டிசம்பரில். நமக்கு வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகி வானம் துலங்கும்போது அது மேற்கே சரியத் தொடங்கியிருக்கும். கிடைத்த ராத்திரிகளில் நடுப்பகுதி நன்றாக வந்தது, தூசிப் பட்டைகள் இரண்டு மூன்று தெரிகின்றன. வெளிப்பக்கச் சுருள் கைகள் இன்னும் சேர வேண்டியிருக்கிறது. காவலூரில் போய் எடுத்தால் ஒரே ராத்திரியில் வந்துவிடும்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் யார் ஜவ்வாது மலை ஏறுவது? மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்று போன் வந்துவிடும்.

16 மடங்கு என்பது எழுதிவைத்த விதி இல்லை. அது மாட்டிய விளக்கு. இதை விளக்கு மாட்டுகிறவனாகச் சொல்கிறேன். பின்னால் உள்ள அந்த அபார்ட்மென்ட்டில் பின்பக்கச் சுவரில் ஒரு 100 வாட் ஃபோகஸ் லைட் இருந்தது. பாதிக்கும் மேல் வெளிச்சம் என் முருங்கை மரத்துக்கும் வானத்துக்கும்தான். சண்டை போடவில்லை. அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்து, 'சார், உங்க கேமராவில முகம் தெரியுதா?' என்று கேட்டேன். 'அது ஒண்ணுதான்ப்பா கம்ப்ளெயின்ட், ஆளே கறுப்பாத் தெரியுது' என்றார். தெரியாதுதான். எதிரே லைட் கண்ணைக் கூச அடித்தால் சி.சி.டி.வி.யும் கூசிப்போகும், ஆள் நிழலாகிவிடுவான். ஏணி போட்டு ஏறினேன். பிராக்கெட் நட்டைத் தளர்த்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் தரைக்கு நேராகத் திருப்பி இறுக்கினேன். ஓரத்தில் தகரத்தை வளைத்து ஒரு மறைப்பு. 100 வாட்டை எடுத்துவிட்டு 50 வாட், அதுவும் வார்ம் ஒயிட். வாட்ச்மேன் கீழே நின்று பார்த்துவிட்டு, 'அண்ணே, இப்பதான் வண்டி நம்பரே தெரியுது' என்றார். பாதிக் கரண்ட்டில். அந்த விளக்கு எனக்குத் தெரியாமலே போய்விட்டது, அவர்களுக்கு பார்க்கிங் முன்னைவிடப் பளிச்.

தெருவிளக்கும் இதே கதைதான். கையை மேல்நோக்கி வளைத்து, அதன் நுனியில் விளக்கைச் சாய்வாக மாட்டினால் வெளிச்சம் எதிர் வீட்டு மாடி ஜன்னலுக்கும் வானத்துக்கும் போகும். விளக்கைச் சாய்க்காமல் தட்டையாக வைத்தால் தெருவுக்குப் போகும். கூடவே நிறத்தையும் கவனிக்க வேண்டும். வெள்ளை விளக்கின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். நீலம் காற்றில் அதிகம் சிதறும், அதனால் 6500 கெல்வின் கூல் ஒயிட்டைவிட 3000 கெல்வின் வார்ம் ஒயிட் வானத்தைக் குறைவாகக் கெடுக்கும். கடற்கரையோரம் முட்டையிலிருந்து வரும் ஆமைக் குஞ்சுகள் கடல் என்று நினைத்துத் தெருவிளக்கை நோக்கி ஓடுவதும் இதே வெளிச்சத்தால்தான். உலகின் பல நாடுகளில் பொதுமக்கள் வானம் பார்த்து அனுப்பிய கணக்கை வைத்து 2023-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியிருக்கிறது என்று சொன்னார்கள். அந்த வேகத்தில் போனால் எட்டு வருடத்துக்குள் இரண்டு மடங்கு. என் 16 மணி நேரம் 32 ஆகிவிடும்.

ஆகவே உங்கள் பத்திரிகைக்கு இரண்டு வேண்டுகோள். உள்ளாட்சிகள் புதிதாகத் தெருவிளக்கு மாட்டும் செய்தியை நீங்கள் போடும்போது எத்தனை விளக்கு, எத்தனை கோடி என்பதோடு, சாய்வு எவ்வளவு, எத்தனை கெல்வின் என்று உங்கள் நிருபர் கேட்டுப் போடட்டும். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் ஒப்பந்தத்தில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று, மாதாமாதம் நீங்கள் வெளியிடும் வானம் பகுதி. அதில் வருவது பாதி வெளிநாட்டார் பார்க்கிற வானம். நாம் 13 டிகிரியில் இருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, லண்டன்காரரோ நியூயார்க்காரரோ வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத தெற்கு வானம் நமக்குத் தெரியும். காரினா நெபுலா ஓரியன் நெபுலாவைவிடப் பெரிய விரிவு. சித்திரை மாதம் இரவு ஒன்பது, ஒன்பதரை மணி வாக்கில் நேர் தெற்கே அடிவானத்திலிருந்து 17 டிகிரி உயரத்தில் வரும். வைகாசியில் அதே நேரத்துக்கு ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கூட்டம் ஏறக்குறைய 30 டிகிரியில் நிற்கும். இவற்றைச் சென்னை நேரத்தோடு, திசையோடு போடுங்கள். கூடவே வாசகர்கள் வீட்டிலிருந்து எடுத்த படங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், எந்தப் பேட்டை, எந்தக் கேமரா, எவ்வளவு நேரம் என்ற விவரத்தோடு. தெற்கே மறைப்பில்லாத வீட்டுக்காரர் யாராவது காரினாவை எடுத்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள். எனக்கு அந்த 17 டிகிரியில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

இப்படிக்கு,
கு. செ.,
பம்மல், சென்னை